வெறும் போத்தல்

கழுவித் துடைத்த வெறும் போத்தலை நீட்டியபடி கீழ்வீட்டு வெள்ளைக்கார மூதாட்டி ஃப்ராவ் மோசர் வாசலில் நின்றார்.

"தவறாக நினைக்க வேண்டாம், பிரபாலினி. உங்கள் சொக்கிலேற் தொண்டையை எரிக்கிறது."

வருகிற சனிக்கிழமை ஓல்டன் கிறிஸ்துமஸ் சந்தையில் பிரபாலினி மேசை போட்டு அதை விற்கப் போவதாகக் கேள்விப்பட்டாராம். அதனால்தான் சொல்ல வந்தாராம். சொல்லிவிட்டுக் கைப்பிடியைப் பிடித்துப் பிடித்துப் படியிறங்கிப் போய்விட்டார்.

கதவைச் சாத்திய பிரபாலினிக்கு முகம் சிவந்திருந்தது.

"இஞ்சாருங்கோ, பாத்தியளோ? ஆசையாச் செய்து குடுத்ததைக் கொட்டிப்போட்டு வெறும் போத்தலைத் தந்திட்டுப் போறா. ஒரு பிடி சீனியாவது போட்டுத் தரக் கூடாதோ?"

வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பதா? எரிக்கிறது என்று சொன்னதைக்கூட அவள் பொறுத்திருப்பாள். அவையளுக்கு அந்தப் பழக்கம் தெரியாது என்று கணவர் நித்தியானந்தன் சொல்லிப் பார்த்தார். எடுபடவில்லை.

ஒவ்வொரு டிசம்பரிலும் கொக்கோ, பால்மா, அரைத்த சீனி, சீவிய சொக்கிலேற், கறுவா, ஏலம் எல்லாம் கலந்து, போத்தலில் அடைத்து, சிவப்பு நாடா கட்டித் தெரிந்தவர்களுக்குக் கொடுப்பாள் பிரபாலினி. சூடான பாலில் இரண்டு கரண்டி போட்டால் போதும்.

இந்த வருடம் பாராட்டு தாங்க முடியவில்லை. இன்டர்லாக்கனில் இருக்கும் மதுஜா, பிள்ளைகள் ஒருவரோடொருவர் அடிபட்டுக் குடிப்பதாகப் போன் எடுத்துச் சொன்னாள். அரை ஆயுளை ஹோட்டல் குசினியில் கழித்த தம்பித்துரை அண்ணை, இப்படியொரு ருசியைத் தான் கண்டதில்லை என்று அட்லிஸ்வில் கோயிலில் நாலு பேர் கேட்கச் சொன்னார். சந்தையில் மேசை எடுக்கிற துணிவே அதற்குப் பிறகுதான் வந்தது.

"இவ்வளவு சனம் நல்லதெண்டு சொல்லுது. இவவுக்கு மட்டும் எரியுதாம். போன மாசம் நாங்கள் கறித்தூளுக்கு மிளகாய் வறுக்கேக்க, தும்மல் வருதெண்டு முறைப்பாடு சொன்னவதானே."

அடுத்த வருடம் ஃப்ராவ் மோசருக்குப் போத்தல் கிடையாது என்று அங்கேயே தீர்ப்பாகிவிட்டது.

நித்தியானந்தன் மெல்லக் கேட்டார்.

"நீர் ருசி பாத்தனீரோ?"

"பிள்ளையார் கதை விரதத்தில ஒரு நேரச் சாப்பாட்டோட இருக்கிறன். நாக்கில வைப்பனோ? நீங்கள் பாக்கேல்லையோ?"

"சீனி வருத்தக்காரன் எண்டு கரண்டியைப் பறிச்சது நீர்தானே."

கலந்தவள் விரதம். சீனியை அரைத்துக் கொடுத்தவருக்கு நீரிழிவு. வீட்டில் ஒருவரும் அதை வாயில் வைக்கவில்லை.

பிரபாலினிக்கு அப்போதுதான் ஏதோ இடித்தது.

"சீனியை எந்த மிசினில அரைச்சனீங்கள்?"

"எங்களிட்ட வேற மிசின் இருக்கோ? கறித்தூள் அரைக்கிறதிலதான்."

"கழுவினனீங்களோ?"

"துடைச்சனான்."

சந்தைக்கு அடுக்கி வைத்திருந்ததில் ஒரு போத்தலைத் திறந்தாள். பாலில் கலந்து, விரதத்தைச் சாட்டி, கோப்பையைக் கணவரிடமே நீட்டினாள். நித்தியானந்தன் ஒரு மிடறு குடித்தார். இருமினார். கண்ணால் நீர் வழியக் குழாயடிக்கு ஓடினார். கறித்தூளைக் கொக்கோவின் நிறம் மறைத்திருந்தது. மணத்தை ஏலமும் கறுவாவும் பார்த்துக்கொண்டன.

எல்லா வீட்டுக்கும் போனது இதே தூள்தான்.

மன்னிப்புக் கேட்க முதலில் மதுஜாவுக்குப் போன் எடுத்தாள். வாயைத் திறக்க அவள் விடவில்லை.

"அக்கா, நேற்றோட முடிஞ்சுது. சின்னவன் இன்னும் வேணுமெண்டு ஒரே அழுகை. இன்னொரு போத்தல் இருக்கோ?"

பிரபாலினி கணவரைப் பார்த்தாள். அவர் இன்னும் தொண்டையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"இருக்கு, மதுஜா. நிறைய இருக்கு" என்று சொல்லிப் போனை வைத்தாள். தம்பித்துரை அண்ணைக்கு எடுக்கவில்லை.

மிசினைக் கழுவினாள். காயவைத்தாள். திரும்பவும் கழுவினாள். புதுச் சீனி அரைத்துப் புதிதாகக் கலந்தாள். ருசி பார்க்க இந்த முறை நித்தியானந்தனுக்கு அரைக் கரண்டி அனுமதி கிடைத்தது. அவர் தலையாட்டிய பிறகு, முதல் போத்தலுக்கு நாடா கட்டிக்கொண்டு கீழே இறங்கினாள்.

நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டாள். அந்தத் தூளை அவர் கொட்டியதுதான் சரி என்றும் சொன்னாள்.

ஃப்ராவ் மோசர் திகைத்துப் போனார்.

"நான் கொட்டவில்லையே. நீங்கள் கையால் செய்து தந்ததை எப்படிக் கொட்டுவது? ஒவ்வொரு மாலையும் ஒரு கோப்பை குடித்தேன். உங்கள் ஊர் முறை அதுதான் போலிருக்கிறது என்று நினைத்தேன். சந்தைக்கு வருகிறவர்கள் உங்களைப் பார்த்துச் சிரித்துவிடக் கூடாதே என்றுதான் மேலே வந்தேன்."

பிரபாலினி புதுப் போத்தலை நீட்டினாள்.

ஃப்ராவ் மோசர் இரண்டு கையாலும் வாங்கினார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"இதையும் முழுக்கக் குடித்து முடிக்க வேண்டுமா?"