பட்டுச்சு

மூடியைக் கழற்றாத தொலைநோக்கியில் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு, "பட்டுச்சு" என்று அறிவித்தார் வெண்டல்.

வெண்டலுக்கு வயது எழுபத்தொன்பது. நெப்ராஸ்காவில், சோளக்காட்டுக்கு நடுவே ஒரு பழைய ஜல்லிக் குழியில், மாதம் ஒரு ஞாயிறு எங்கள் கிளப் நடத்தும் மூன்று துப்பாக்கிப் போட்டிக்கு இருபத்திரண்டு வருஷமாக அவர்தான் நடுவர்.

பிஸ்டலால் அட்டைகளைச் சுட வேண்டும். ஷாட்கன்னால் கிட்டத்தில் நிற்கும் இரும்பைச் சாய்க்க வேண்டும். கடைசியில் ரைஃபிளை எடுத்து, இருநூற்றைம்பது கஜத்துக்கு அப்பால் தொங்கும் நாலு இரும்புத் தகடுகளை, தகட்டுக்கு ஒரு குண்டு வீதம் அடிக்க வேண்டும். யார் சீக்கிரம் முடிக்கிறாரோ அவருக்குப் பரிசு. ஒரு தகடு தவறினால் பத்து விநாடி கூடும்.

அவ்வளவு தூரத்துத் தகடு வெறும் கண்ணுக்குத் தெரியாது. சுடுகிறவருக்கு மட்டும் ரைஃபிள் மேல் பொருத்திய குறிபார்க்கும் கண்ணாடியில் தெரியும். சத்தத்தை வைத்துச் சொல்லலாம் என்றால் எல்லோர் காதிலும் அடைப்பான். ஆகவே, பட்டதா இல்லையா என்பதற்கு வெண்டல் வாக்குதான் வேதம்.

அன்று முதல் முறையாக ஒமாஹாவிலிருந்து பிராடி வந்திருந்தான். முப்பது வயதிருக்கும். புதுத் துப்பாக்கி, புதுத் தொப்பி, முதுகில் பெயர் தைத்த சட்டை. நாங்களெல்லாம் மாட்டுக்குத் தீனி போட்ட பூட்ஸோடு நின்றோம்.

தொலைநோக்கி மூடியை முதலில் பார்த்தது அவன்தான். நேரே லோவலிடம் போய்ச் சொன்னான். லோவல் குழாய் ரிப்பேர்காரன். வீட்டுக்குள் வெள்ளம் வந்தாலும் பதற மாட்டான்.

"தெரியும்ப்பா. மெதுவாப் பேசு" என்றான்.

அடுத்து லோவலின் முறை. மூன்றாவது தகட்டைக் குறிவைத்து விசையை அழுத்தினான். குண்டு வரவில்லை. துப்பாக்கி மக்கர். அதே நேரம் யாரோ லாரிக் கதவை அடித்துச் சாத்தினார்கள்.

"பட்டுச்சு" என்றார் வெண்டல்.

லோவல் நன்றி சொல்லிவிட்டு, துப்பாக்கியைத் தட்டிச் சரிசெய்து, நாலாவது தகட்டைச் சுட்டான்.

பிராடிக்குப் பொறுக்கவில்லை. ட்வைலாவிடம் போனான். சமையலும் மார்க் போடுவதும் ட்வைலா பொறுப்பு. ஒரு கையில் சில்லிக் குழம்புக் கரண்டி, இன்னொரு கையில் பென்சில். மூன்று மணி நேரம் கார் ஓட்டிக்கொண்டு வந்தது இந்தக் கூத்தைப் பார்க்கத்தானா என்று கேட்டான். இந்த மனிதரைக் கோலி விளையாட்டுக்குக்கூட நடுவராக வைக்க மாட்டார்கள் என்றான்.

ட்வைலா கோபப்படவில்லை. "கண்ணு மங்கிடுச்சுன்னு டாக்டர் போன வருஷம் அவரைக் கார் ஓட்ட விடாமப் பண்ணிட்டார். இந்த நாற்காலியையும் பிடுங்கிட்டா, பாவம், வீட்டுல உட்கார்ந்து டிவியைத் திட்டிக்கிட்டிருப்பார்."

"அதுக்காகப் பொய் மார்க் போடுவீங்களா? நியாயம்னு ஒண்ணு இல்லையா?"

ட்வைலா அவன் தட்டில், இலவங்கப்பட்டை தூவிய இனிப்பு ரொட்டியான பட்டை ரோல் ஒன்றை வைத்து, முதலில் சாப்பிடச் சொன்னாள்.

கடைசியாகச் சுட்டது பிராடி. பையன் கெட்டிக்காரன், அதில் சந்தேகமே இல்லை. எங்களில் பலர் ஷாட்கன்னில் தோட்டாவைத் தேடிக்கொண்டிருக்கும் நேரத்தில் அவன் ரைஃபிளுக்கு வந்துவிட்டான். நாலு முறை சுட்டான். நாலு முறையும் வெண்டல் "பட்டுச்சு" என்றார். அன்று முதல் தடவையாக அவரைப் பார்த்துச் சிரித்தான் பிராடி.

லோவல் போய்த் தகடுகளைக் கழற்றிக்கொண்டு வந்தான். வெண்டலை அவர் மகள் வந்து அழைத்துப் போனாள். அவர்கள் கார் மண்ரோட்டில் திரும்பி மறைந்ததும், நாங்கள் எல்லோரும் ட்வைலா முன்னால் வரிசையில் நின்றோம். மாதா மாதம் நடப்பதுதான்.

"எனக்கு இருபது விநாடி சேர்த்துக்கோ. ஒண்ணு தவறிடுச்சு, ஒண்ணு சுடவே இல்லை" என்றான் லோவல். முதலிடத்திலிருந்து அஞ்சாவது இடத்துக்கு இறங்கினான்.

பல் டாக்டர் ஆர்லிஸ் அம்மா நாற்பது விநாடி என்றார். நாலு குண்டுமே நெப்ராஸ்கா மண்ணுக்குத்தான் போனதாம்.

நான் இருபது என்றேன். பத்து என்று சொல்லலாமா என ஒரு கணம் யோசித்தது உண்மை.

பிராடி வாயைத் திறந்தபடி நின்றான்.

"உனக்கு ஏதாவது சேர்க்கணுமா, பிராடி?" என்று கேட்டாள் ட்வைலா.

"வேண்டாம். எனக்கு நாலும் பட்டுச்சு."

ட்வைலா தலையாட்டிவிட்டு எழுதிக்கொண்டாள். ஆறு விநாடி வித்தியாசத்தில் அவனுக்கு முதலிடம். பரிசு, புகைபோட்ட முழுப் பன்றித் தொடை. எல்லோரும் கைதட்டினோம். அதைக் குழந்தை மாதிரி தோளில் சாய்த்துக்கொண்டு அவன் ஒரு சின்ன சொற்பொழிவே ஆற்றினான். எங்களுக்கெல்லாம் நல்ல மனசு என்றான். ஆனாலும் விளையாட்டில் இரக்கம் வேறு, நேர்மை வேறு, அடுத்த தடவையாவது கண் தெரிந்தவரை உட்கார வைத்தால் நல்லது என்றான்.

ட்வைலா அவனோடு கார் வரைக்கும் நடந்தாள். மீந்த பட்டை ரோல்களை வழிக்கு வைத்துக்கொள்ளச் சொல்லிப் பொட்டலமாகக் கொடுத்தாள். அப்புறம் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"உனக்கு முன்னாடி சுட்ட ஆர்லிஸோட கடைசிக் குண்டு, தகட்டை விட்டுட்டுச் சங்கிலியை அறுத்துடுச்சாம், லோவல் போய்ப் பார்த்துட்டு வந்து சொன்னான். நீ சுடும்போது அங்கே தொங்கினது மூணு தகடுதான்ப்பா."