தொட்டிக்கு அடித்த சாயம்

அற்புதம்மாள் பாவசங்கீர்த்தனத் தொட்டியிலிருந்து எழுந்து வந்தபோது அவள் நெற்றியில் பழுப்பு நிறத்தில் கட்டம் கட்டமாக ஏதோ ஒட்டியிருந்தது.

கடைசி பெஞ்சில் இருந்த ஞானசேகர் வாத்தியார் கழுத்தை நீட்டிப் பார்த்தார்.

சாயம் காயவில்லை.

சாமியார் உள்ளே உட்கார்ந்து ஊரின் பாவங்களைக் கேட்கும் அந்த மரக்கூண்டுக்குக் கிறிஸ்துமஸுக்குள் சாயம் பூசியே ஆக வேண்டும் என்று கோயில் காரியங்களைக் கவனிக்கும் பங்குப் பேரவையில் ஒற்றைக்காலில் நின்றவர் அவர். சாயத்தைத் தேர்ந்தெடுத்தவரும் அவரே.

காரைக்குடிப் பெயிண்டுக் கடையில் உடையப்பன் இரண்டு டப்பாக்களை எடுத்து வைத்திருந்தார். ஒன்று வீட்டுக்குள் கிடக்கும் நாற்காலி, பீரோவுக்கு. பூசிய கொஞ்ச நேரத்தில் காய்ந்துவிடும். மற்றது வெளியில் நிற்கும் கேட்டுக்கும் ஜன்னலுக்கும். எண்ணெய்ச் சாயம். காய்வதற்குள் உயிரை வாங்கும். காய்ந்துவிட்டால் மழைக்கும் வெயிலுக்கும் அசையாது.

“தொட்டி உள்ளுக்குத்தானே இருக்கு சார்?”

“உள்ளுக்குத்தான் இருக்கு. ஆனா நனையும்.”

கோயில் கூரையில் ஓடு உடைந்திருந்த ஒரே இடம் தொட்டிக்கு நேர் மேலே. ஓட்டை மாற்றுவது பற்றிப் பேரவையில் கருத்தொற்றுமை ஏற்படவில்லை. சாயம் பூசுவதில் ஏற்பட்டது.

“அப்ப வெளிச்சாயத்தையே கொண்டு போங்க. ஆனா நல்ல வெயில் வேணும்.”

மார்கழி மூட்டம். தொட்டியைத் தூக்கிக்கொண்டு வெயிலைத் தேடி அலைய முடியாது.

இப்போதாவது எழுந்து போய்ச் சொல்லிவிடலாம். ஆனால், ‘உள்ளுக்கு இருக்கிற மரத்துக்கு உள்சாயம் போதாதா?’ என்று கூட்டத்தில் கேட்டுத் திட்டு வாங்கிய தங்கச்சாமி வரிசையில் நின்றுகொண்டிருந்தார். அவரும் ஒரு தடவை உள்ளே போய் வரட்டும் என்று ஞானசேகர் வாயை மூடிக்கொண்டார்.

அப்புறம் அது வேடிக்கையாகிவிட்டது.

தொட்டிக்குள் சாமியாரை மறைக்கும் மரச் சல்லடையில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டு கிசுகிசுப்பது ஊர்ப் பழக்கம். சட்டென்று எழுந்தவர்களுக்கு வெளிர் பழுப்பு. விலாவாரியாகச் சொன்னவர்களுக்குக் கருங்காலி நிறம். கணக்கு வாத்தியாரான ஞானசேகர் மனத்துக்குள் ஒவ்வொருவருக்கும் மார்க் போட்டார். பாட்டுக்குழுவில் முதல் குரல் கொடுக்கும் பெல்சிக்கு மூக்கு நுனியில் மட்டும் ஒரு பொட்டு. சொன்னதைவிடச் சொல்லாததுதான் அதிகம் என்று முடிவு கட்டினார்.

வெளியே வந்தவர்கள் ஒருவர் நெற்றியைப் பார்த்து ஒருவர் சிரித்தார்கள். தன் நெற்றி யாருக்கும் தெரியவில்லை.

தங்கச்சாமி வந்தார். நெற்றி சுத்தமாக இருந்தது. ஒரு கன்னம் முழுவதும் கட்டம். சல்லடையில் கன்னத்தை வைத்து அழுதிருக்க வேண்டும். அதற்கு எப்படி மார்க் போடுவதென்று ஞானசேகருக்குத் தெரியவில்லை.

கடைசியாகச் சாமியாரே திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தார். அவருடைய இரண்டு காதுகளும் அசல் தேக்கு நிறத்தில் இருந்தன.

கோயிலே கொல்லென்று சிரித்தது. சிரிப்பு அடங்கி, டப்பா வாங்கியவர் யார் என்ற கேள்வி எழும்புவதற்குள் ஞானசேகர் பக்கவாசல் வழியாக நழுவிவிட்டார்.

மழை தூறியது. பஸ் நிறுத்தத்தில், எஸ்.டி.டி. பூத்தை ஒட்டிய டீக்கடைக்குள் ஒதுங்கினார்.

அங்கே பெஞ்சில் அவருடைய அண்ணன் மரிய ஆனந்த் உட்கார்ந்திருந்தார்.

அப்பாவின் கல்லறைக் கல்லில் தம்பியின் பெயரை முதலில் வெட்டிவிட்டார்கள் என்பதற்காகப் பேச்சை நிறுத்தியவர். தம்பி பேரவைக்குள் நுழைந்த பிறகு கோயிலுக்கு வருவதையும் நிறுத்தியவர். அவன் இருக்கிற இடத்தில் ஆண்டவர் எப்படி இருப்பார் என்று ஊர் முழுக்கக் கேட்டுவைத்திருந்தார்.

ஞானசேகர் எப்போதும்போல முகத்தைத் திருப்பிக்கொண்டு மழையைப் பார்த்தார். அண்ணன் துண்டை முண்டாசாகக் கட்டிப் புருவம் வரை இறக்கிவிட்டிருந்தார். குளிருக்காக இருக்கும்.

டீக்கடைக்காரர் பின்பக்கம் விறகு எடுக்கப் போனார்.

ஆனந்த் அங்குட்டும் இங்குட்டும் பார்த்துவிட்டு முண்டாசை மேலே தூக்கினார்.

கட்டம் கட்டமாக, கருங்காலி நிறம். அன்றைக்கு ஞானசேகர் பார்த்த நெற்றிகளில் எதுவும் அவ்வளவு கறுப்பாக இல்லை. சுற்றிலும் தோல் சிவந்து வழன்றிருந்தது.

“என்ன எழவுடா வாங்கி அடிச்சிருக்க? ஒருத்தரும் வர்றதுக்கு மின்னாடி விடியவே போயிட்டு வந்தேன். தேங்கா நார வச்சுத் தேச்சும் போக மாட்டேங்குது.”

ஞானசேகர் குனிந்து அந்தக் கட்டங்களைக் கிட்டத்தில் பார்த்தார். வாயில் சாயத்தைப் பற்றித்தான் வந்தது.

“வெளிமரத்துக்கு அடிக்கிறதுண்ணே. தேய்க்காதீக. மண்ணெண்ணெய் தொட்டுத் தொடைக்கணும்.”

டீக்கடை விளக்கைச் சாய்த்துக் கைக்குட்டையை நனைத்தார். பக்கத்தில் உட்கார்ந்து அண்ணனின் நெற்றியில் கை வைத்தார். ஆனந்த் கண்களை மூடிக்கொண்டார். முகத்தை மட்டும் கடுகடுவென்றே வைத்துக்கொண்டார்.

“நீயா ஒண்ணும் நெனைச்சுக்கிறாத. பத்து செபம் சொல்லச் சொல்லுவாருன்னு போனேன். ஒன்கிட்டப் போய்ப் பேசுன்னு அபராதம் போட்டுட்டாரு சாமியாரு. பேசிட்டேன். முடிஞ்சு போச்சு.”

“சரிண்ணே.”

சாக்கோட்டை பஸ் வந்து நின்றது. ஆனந்த் போக வேண்டிய பஸ். கண்டக்டர் விசில் கொடுத்தார். பஸ் புறப்பட்டுச் சேற்றை வாரி இறைத்துவிட்டுப் போயிற்று. ஆனந்த் கண்ணைத் திறக்கவேயில்லை.

“எத்தனை நாளைக்குப் பேசணும்னு அவர்கிட்டக் கேக்காம வந்துட்டேன்” என்றார்.