வெற்றுப் பக்கத்தில் உ

மாலத்தீவுக்குச் சரக்குத் தோணியில் போன செந்தில்முருகனைப் பற்றி ஐம்பது நாளாகத் தகவல் இல்லை. கருமாதி வைத்துவிடலாம் என்று வீட்டில் முடிவு செய்தார்கள். அவனுடைய இருபது வருஷத்துக் கம்ப்யூட்டரிலேயே கருமாதிப் பத்திரிகையை அடிக்க நினைத்து, தங்கை முத்துச்செல்வி அதை ரிப்பேர் கடைக்குத் தூக்கிவந்தாள்.

கடைக்கார ஆவுடையப்பன் கெட்டுப்போன டிஸ்க்கைக் கழற்றிவிட்டுப் புது டிஸ்க் மாட்டி, இந்த வருஷத்து லினக்ஸை ஏற்றினார்.

“ஏளா, கெழவனுக்குக் கல்யாணச் சட்டை போட்ட மாதிரி இருக்கு. மெதுவாத்தான் நடக்கும்.”

முத்துச்செல்வி புதுப் பக்கம் ஒன்றைத் திறந்தாள். உச்சியில் ‘உ’ என்று இருந்தது. அண்ணன் எதை அடித்தாலும் முதலில் பிள்ளையார் சுழிதான் போடுவான். ஆனால் சாவுப் பத்திரிகைக்கு யாரும் சுழி போடுவதில்லை. அவள் அழித்தாள். அது திரும்ப வந்தது.

“அண்ணாச்சி, பழசு எதையும் ஏத்துனியளா?”

“எங்கேருந்து ஏத்த? அந்த டிஸ்க்கு இந்தா கெடக்குல்லா.”

கீ சிக்கியிருக்கும் என்று அவர் கீபோர்டின் வயரைப் பிடுங்கி, அதை மடியில் வைத்துக்கொண்டார். முத்துச்செல்வி மவுஸால் எழுத்தை அழித்தாள். பக்கம் சற்று நேரம் வெறுமையாக இருந்தது. பிறகு பழைய பெட்டி உறுமியது. உச்சியில் ‘உ’ விழுந்தது.

ஆவுடையப்பன் கீபோர்டைத் தரையில் வைத்துவிட்டு எழுந்து நின்றார்.

அவள் வீட்டுக்குப் போன் போட்டாள். “எம்மா, பந்தல்காரரை வர வேண்டாம்னு சொல்லு.”

அம்மா காரணம் கேட்டாள். முத்துச்செல்வி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கர்சர் சுழியை விட்டு அடுத்த வரிக்கு இறங்கியிருந்தது.