பதில் வரத் தாமதம்

'கீ... கீ... கீ...'

நிட்டிங் மெஷினில் மாட்டியிருந்த சின்னப் பெட்டி மறுபடியும் கத்தியது. பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த வேல்விழி முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். காலையிலிருந்து இதே பாடு. தலைமுடியெல்லாம் பஞ்சுத்தூசி.

"என்னம்மா, திரும்பவும் மெமரி ஃபுல்லுங்களா?" என்றார் ராஜா முகமது. நெருப்பெரிச்சல் ஊரில் இருக்கும் அந்தப் பின்னலாடை யூனிட்டின் முதலாளி. "துணி ஓட்டறதா, உங்க பெட்டிக்குத் தாலாட்டுப் பாடறதா?"

"இருங்க பாய், பாத்துடறேன்."

மெஷின் எப்போது ஓடியது, எப்போது நூல் அறுந்து நின்றது என்ற விவரத்தையெல்லாம் செல்போன் சிம் வழியாக, பாய்க்கு ஆர்டர் கொடுக்கும் எக்ஸ்போர்ட் கம்பெனிக்கு அனுப்பும் பெட்டி அது. மெமரி ரொம்பக் குறைவு என்பதால் துண்டு துண்டாகத்தான் அனுப்பும். 'வந்து சேர்ந்தது' என்று அங்கிருந்து பதில் வந்த பிறகுதான் அந்தத் துண்டை அழித்துவிட்டு அடுத்ததை எடுக்கும். பதில் தாமதமானால் உள்ளே தேங்கி, நிரம்பி, கத்தும்.

"சாயங்காலத்துக்குள்ள இது வாயை மூடலைன்னா எல்லாத்தையும் கழட்டிட்டுப் போயிடுங்கம்மா" என்று சொல்லிவிட்டார் பாய். பெட்டிகள் திரும்பி வந்தால் நீ வேலைக்கு வர வேண்டாம் என்று, அந்தப் பெட்டிகளை விற்கும் வேல்விழியின் முதலாளியும் சொல்லியிருந்தார்.

வயரை மாற்றினாள். சிம்மை மாற்றினாள். துண்டு உடனே போனது. பதில்தான் ஆடி அசைந்து வந்தது. மத்தியானம் ஒரு மணிக்கு மேல் அதுவும் அடியோடு நின்றுபோனது.

"கம்ப்யூட்டர் சாப்பிடப் போயிருக்கும்" என்று சிரித்தார் பாய்.

வேல்விழிக்குச் சிரிக்கத் தெம்பில்லை. அனுப்பர்பாளையத்தில் இருந்த எக்ஸ்போர்ட் கம்பெனி மேனேஜருக்குப் போன் போட்டாள்.

"சார், எங்க பெட்டி சரியாத்தான் அனுப்புது. உங்க பக்கம்தான் பதில் வர லேட்டாகுதுங்க. கொஞ்சம் என்னன்னு பாத்தீங்கன்னா புண்ணியமாப் போகும்."

"அப்படீங்களா? போனை வைங்க, இப்பவே சரி பண்ணிடறனுங்க."

சொன்னபடியே செய்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் பதில்கள் மளமளவென்று வந்து விழுந்தன. பெட்டி காலியாகி, சத்தம் அடங்கியது.

"பெட்டி இங்கயே இருக்கட்டும்மா" என்ற பாய், அவளுக்கு டீ வாங்கி வர ஆள் அனுப்பினார்.

வேல்விழிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. சுவரில் சாய்ந்துகொண்டு மேனேஜரை மறுபடி கூப்பிட்டாள்.

"ரொம்ப நன்றிங்க சார், என் வேலையைக் காப்பாத்திட்டீங்க. புதுக் கம்ப்யூட்டர் போட்டீங்களா?"

"அட, கம்ப்யூட்டர் அதேதானுங்க. இப்ப அதுவே ஓகே சொல்லிக்கற மாதிரி மாத்தியாச்சு. ஒவ்வொரு துண்டுக்கும் ஓகே அமுக்கிட்டிருந்த பொண்ணைத்தான் வேலையை விட்டு நிறுத்திட்டேன்."