பெயர் மறைத்த கட்டுரை

"பேரைச் சொல்லுங்க மேடம். பேர் தெரியாம இந்த நாற்காலியை விட்டு நான் எழுந்திரிக்கப் போறதில்லை."

பேராசிரியரின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. மேசைக்கு அந்தப் பக்கம் ஆய்விதழின் ஆசிரியை நிதானமாகக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சொல்லக் கூடாது சார். கட்டுரை எழுதினவர் யாருன்னு மதிப்பிடுறவருக்குத் தெரியாது. மதிப்பிடுறவர் யாருன்னு எழுதினவருக்குத் தெரியாது. இதழ் ஆரம்பிச்ச நாள்லேர்ந்து இப்படித்தான். உங்களுக்குத் தெரியாததா?"

"தெரியும். திருடனுக்கும் அதே மரியாதையான்னுதான் கேக்கறேன்."

விஷயம் இதுதான். போன வாரம் பெயர் போடாத கட்டுரை ஒன்று மதிப்பீட்டுக்காக அவரிடம் வந்தது. பழங்காலத் துறைமுகம் ஒன்றைத் தோண்டிப் பார்த்த ஆராய்ச்சி. கடல் கடந்து வந்த வணிகர்கள் சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பிப் போகவில்லை, அங்கேயே வீடு கட்டிக் குடும்பம் நடத்தினார்கள் என்று அடித்துச் சொன்னது கட்டுரை.

மூன்று பக்கம் படிப்பதற்குள் அவருக்கு ரத்தம் கொதித்தது. அத்தனையும் அவர் தோண்டிய குழி. அவர் எடுத்த கண்ணாடி மணிகள். அடுத்த மாதம் வரப்போகிற அவருடைய புத்தகத்தின் உயிரே அந்த முடிவுதான். அதை வைத்துத்தான் ஆராய்ச்சி மையத்தின் இயக்குநர் பதவியைத் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். கட்டுரை முந்திக்கொண்டால் இரண்டும் போச்சு.

"ஏழு வருஷம் மேடம். வெயில்ல காய்ஞ்சது நான். நோகாம நுங்கு தின்ன எவனோ வந்துட்டான்."

ஆசிரியை கட்டுரையைப் புரட்டினார். "சுட்ட மண்ணுக்குள்ள மாட்டிக்கிட்ட எலக்ட்ரானை வச்சுப் பானை ஓட்டுக்கு வயசு சொல்லியிருக்காங்க. அந்தக் குவாண்டம் கணக்கும் உங்களோடதா?"

"எல்லாமே என்னோடதுதான்."

"இந்த ஆறாம் பக்கம் எனக்குப் புரியலை. கொஞ்சம் சொல்றீங்களா?"

பேராசிரியர் ஆறாம் பக்கத்தைப் பார்த்தார். அது அவரைப் பார்த்தது.

"இது இயற்பியல் சமாச்சாரம். இதெல்லாம் ஆள் வச்சுச் செய்யறது. சமையல்காரன் பேரையா கல்யாணப் பத்திரிகையில அடிக்கிறாங்க?"

கேள்வி கேட்கிற தோரணையே அவருக்குப் பிடிக்கவில்லை. பறிகொடுத்தவனை நிறுத்தி வைத்து விசாரணை. இவர்களைவிட அவர் மனைவி எவ்வளவோ மேல். இருபது வருஷத்தில் அதிர்ந்து ஒரு வார்த்தை பேசாத வாயில்லாப் பூச்சி. அவளே இதைக் கேட்டுக் கொதித்துப்போனாள். "விடாதீங்க. லெட்டர் போட்டா குப்பைக்குத்தான் போகும். நேர்ல போய் ஆதாரத்தை அவங்க மேசையில போடுங்க" என்றாள். அவளுக்கு இருக்கிற ரோஷத்தில் கால்வாசிகூட இங்கே யாருக்கும் இல்லை.

பையைத் திறந்து தடித்த நோட்டு ஒன்றை மேசையில் போட்டார். அட்டையெல்லாம் மண்கறை.

"தோண்டி முடிச்ச நாள்லேர்ந்து பீரோவுல பூட்டி வச்சிருக்கேன். சாவி என் பாக்கெட்டை விட்டுப் போனதில்லை. எந்தக் குழியில எத்தனை அடியில என்ன கிடைச்சதுன்னு எல்லாம் இதுல இருக்கு. மணியில இருக்கிற ஓட்டையோட அளவுகூட. பாருங்க, நல்லாப் பாருங்க."

ஆசிரியை பார்த்தார். நோட்டில் ஒரு பக்கம், கட்டுரையில் ஒரு பக்கம் என்று விரலை வைத்து வரி வரியாக ஒப்பிட்டார். அரை மணி நேரம் ஆயிற்று.

"ஒண்ணுக்கொண்ணு அப்படியே இருக்கு சார்."

"நான் அப்பவே சொன்னேனே."

"அப்போ இந்த நோட்டு யார் எழுதினதோ, ஆராய்ச்சியும் அவங்களோடது. இன்னொருத்தர் பண்ணினது திருட்டு. சம்மதம்னா எழுதிக் கொடுங்க."

"இதுக்கா யோசிப்பேன்?"

பேனா காகிதத்தைக் கிழித்துவிடும் போலிருந்தது. அப்படிப்பட்ட திருடருக்கு எந்த ஆராய்ச்சி மையத்திலும் எந்தப் பதவியும் தரக் கூடாது என்று தன் பங்குக்கு ஒரு வரி சேர்த்துக் கையொப்பமிட்டார்.

ஆசிரியை அந்தக் காகிதத்தை நோட்டின் பக்கத்தில் வைத்தார். "எழுத்து வேற மாதிரி இருக்கே."

"நோட்டு எழுதறதுக்கு ஆள் வச்சிருந்தேன்."

"அதுக்கும் ஆளா?"

பேராசிரியருக்கு மூக்கு சிவந்தது. "இப்பவாவது பேரைச் சொல்றீங்களா, இல்லையா?"

"சொல்லலாம் சார். இப்படி ஒரு தகராறு வந்தா ரெண்டு பேரையும் நேருக்கு நேர் வச்சுப் பேசணுங்கறதும் எங்க விதிதான். எழுதினவங்க குவாண்டம் இயற்பியல்ல டாக்டர் பட்டம் வாங்கினவங்க. ஏழு வருஷம் அந்தக் குழிக்குள்ளயே கிடந்திருக்காங்க, ஒவ்வொரு அளவும் மனப்பாடம். பக்கத்து ரூம்லதான் இருக்காங்க."

ஆசிரியை எழுந்து போய்க் கதவைத் திறந்தார்.

"நோட்டைக் கொண்டு வந்துட்டீங்களா?" என்றபடி உள்ளே வந்தாள் பேராசிரியரின் மனைவி. "நான் எழுதினதை அந்தப் பீரோவை விட்டு வெளியே கொண்டு வர எனக்கு வேற வழி தெரியலைங்க."