கிளி டீச்சரின் இங்கிலீஷ் வகுப்பு

பனைமரப் பொந்தில் கிளி டீச்சர் இங்கிலீஷ் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தாள். அங்கே தமிழில் வாய் திறந்தால் வருகைப் பதிவேட்டிலிருந்து பேரை அடித்துவிடுவாள். 'ஹிட் த புக்ஸ்' என்றால் விழுந்து விழுந்து படிப்பது என்று அணில் உருப்போட்டபோது, டீச்சரின் தலைக்கு மேல் விரிசலிலிருந்து பாம்பு இறங்கியது.

படிப்பைப் பற்றி அணிலுக்கு எத்தனையோ இங்கிலீஷ் தெரியும், பாம்பை இங்கிலீஷில் என்ன சொல்வது என்றுதான் தெரியாது.

"ஹிட் த புக்ஸ், டீச்சர்!" என்று அலறினான்.

"சபாஷ், இன்னும் சத்தமா!"

பாம்பு வாயைப் பிளந்தது.

"பாம்பு!"

"தமிழா? என்ன திமிருடா! பேரை அடிச்சாச்சு, வெளியே போ!"

அணில் டீச்சரின் வாலைக் கவ்விக்கொண்டு வெளியே பாய்ந்தான்.

எதிர் வேம்பில் டீச்சர் பிய்ந்த வாலைக் கோதிக்கொண்டாள். "கூப்பிடுறதை முழு வாக்கியமா இங்கிலீஷ்ல கூப்பிட்டிருந்தா, நானே பறந்து வந்திருப்பேனே!"