ஏழாம் பிரிவு

உரிம ஒப்பந்தத்தின் ஏழாம் பிரிவுக்கு வந்ததும், பேச்சுப் பயிற்சி மையத்தை நடத்துகிறவள் பேனாவை மூடி வைத்தாள்.

'இச்செயலியை வழங்குவதை நிறுவனம் எப்போது வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்ளலாம்.'

கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் பதினோரு பிள்ளைகள். ஒருவருக்கும் பேச்சு வராது. டேப்லெட்டில் படத்தைத் தொட்டால், அந்தச் செயலிதான் அவர்களுக்காகப் பேசும். பக்கத்தில் இருந்தவனைத் திட்டுவதற்காக ஒரு சிறுமி 'போடா' பொத்தானை விடாமல் அமுக்கிக்கொண்டிருந்தாள்.

நிறுவனத்திலிருந்து வந்திருந்த விற்பனை அதிகாரிக்குச் சிரித்த முகம்.

"அது சும்மா பேருக்குப் போட்டது மேடம். இதை எந்தக் காலத்துலயும் நிறுத்த மாட்டோம்னு எங்க முதலாளியே மேடையில சொல்லியிருக்கார். வீடியோ இருக்கு, பாருங்க."

"பார்த்தேன். அதையே இதுல ஒரு வரியா எழுதிக் கொடுங்க. இப்பவே கையெழுத்துப் போடறேன்."

அவன் மாடிப்படிப் பக்கம் போய் அலைபேசியில் யாரிடமோ மன்றாடினான். திரும்பி வந்தபோது சிரிப்பு பாதியாகியிருந்தது. சட்டப் பிரிவு ஒத்துக்கொள்ளாது என்றான். அப்பேர்ப்பட்ட மனிதரின் வார்த்தையைச் சந்தேகப்படலாமா என்று மனத்தாங்கலோடு கேட்கவும் செய்தான்.

அவள் சந்தேகப்படவில்லை. அவர் சொன்ன சொல் மாறி அவள் ஒருநாளும் பார்த்ததில்லை.

ஏழாம் பிரிவைக் குறுக்கே அடித்தாள். ஓரத்தில் நிறுத்தி நிதானமாக எழுதினாள்: 'கொடுத்த உரிமையை இந்த நிறுவனமோ, பிறகு இதை வாங்குகிறவர்களோ திரும்பப் பெற முடியாது.'

"இதை நேரா உங்க முதலாளிகிட்டயே கொண்டு போங்க. நாளைக்குன்னு தள்ளாதீங்க."

"அவர் வெளிநாட்டுல இருக்கார் மேடம். வர ரெண்டு மாசம் ஆகும்."

அலுவலகத்தில் எல்லோருக்கும் அப்படித்தான் சொல்லி வைத்திருந்தார்கள் போலிருக்கிறது.

அவள் ஒரு துண்டுத்தாளில் இரண்டு வரி எழுதி அவனிடம் நீட்டினாள்.

ஒரு மருத்துவமனையின் பெயர். ஓர் அறை எண்.

அவன் தாளையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான்.

"காலையில பார்த்துட்டுத்தான் வந்தேன்," என்றாள் அவள். "என் பேச்சை நம்பி இருந்துடாதம்மா, கையெழுத்துப் போட எனக்குத் தெம்பு இருக்கும்போதே எழுதி வாங்கிக்கோன்னு எங்க அண்ணன்தான் சொன்னார்."